பீகார் நிலநடுக்கமும் காந்தி – தாகூர் விவாதமும் (1934)

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தை, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தி கூறியதும், அதை இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்ததும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. இயற்கைச் சீற்றத்தில் தெய்வ கோபத்தைக் காணும் வழக்கம் பல மதங்களில் உண்டு. நவீன இந்தியாவில் அதைப் பற்றி நடந்த மிக முக்கியமான வாதம் இதுவே.

பிற்பகல் இரண்டேகால் மணியளவில் ஏற்பட்ட அந்த அதிர்ச்சியின் அளவு ஏறத்தாழ 8. மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே இருந்தது. இரு நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாயின. காத்மாண்டுவில் தரஹரா கோபுரம் சரிந்தது. வடபீகாரின் வண்டல் சமவெளியில் பாதிப்பு வேறுவிதமாக இருந்தது. மோதிஹாரி, சீதாமடி வழியாகக் கிழக்கே சுமார் 300 கி.மீ. நீண்ட பகுதியில் பூமி வெடித்து, நீரும் மணலும் பீறிட்டன. அங்கே பல வீடுகள் இடிந்து விழவில்லை. சாய்ந்தபடி மண்ணுக்குள் இறங்கின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைந்த வயல்களை மணல் மூடியது.

அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இந்த அழிவுக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு உண்டென்பது தமது நம்பிக்கை என்றார். பீகாருக்கு நிதி தருமாறும் கேட்டார். மேடைப் பேச்சின் வேகத்தில் வந்து விழுந்த சொல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அடுத்தடுத்த ஊர்களிலும் இதையே சொன்னார். தமது 'ஹரிஜன்' இதழிலும் எழுதினார்.

தீண்டாமை ஒழிப்பில் காந்தியுடன் முழுமையாக உடன்பட்டவர் தாகூர். அதனால்தான் அவரது மறுப்புக்குக் கனம் கூடுகிறது. இயற்கை அழிவுகளுக்குக் காரணம் இயற்பியல் நிகழ்வுகள் மட்டுமே என்பது அவர் நிலை. அறநெறியை இயற்கையின் போக்கோடு முடிச்சுப் போட்டால், குற்றவாளியையும் நிரபராதியையும் பிரித்துப் பார்க்காத கடவுளைவிட மனிதனே நல்லவன் என்று ஒப்புக்கொள்ள நேரும் என்றார். இவ்வகை வாதம் காந்தியின் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்றும் எச்சரித்தார். தீண்டாமையை ஆதரித்த பழமைவாத இந்துக்களான சனாதனிகள் உண்மையிலேயே அப்படித்தான் வாதிட்டனர்: கோயில் நுழைவு இயக்கத்தால்தான் தெய்வம் சினந்தது என்றார்கள். ஒரே நிலநடுக்கம், நேர் எதிரான இரண்டு 'பாவங்கள்'. இந்த வகை விளக்கத்தின் அடிப்படைக் கோளாறு இதைவிடத் தெளிவாக வெளிப்பட்டதில்லை.

தாகூரின் மறுப்பை 1934 பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில் காந்தியே தம் பதிலோடு வெளியிட்டார். தம்மை மறுப்பவருக்குத் தம் பத்திரிகையிலேயே இடம் கொடுத்தது அவரது பெருந்தன்மை. ஆனால் பதில் அவ்வளவு வலுவானதல்ல. 'கடவுளின் சட்டங்களை நாம் முழுமையாக அறியோம். இத்தொடர்பை நிரூபிக்க என்னால் இயலாது. ஆயினும் நம்புகிறேன்' என்பதே அதன் சாரம். நிரூபிக்க இயலாததை நம்புவது தனிமனிதரின் உரிமை. துயரத்தில் கிடக்கும் மக்களைப் பற்றிய தீர்ப்பாக அதைப் பொதுமேடையில் சொல்வது வேறு விஷயம்.

நிவாரணப் பணிக்காகப் பீகார் சென்று இடிபாடுகளைத் தோண்டிய ஜவாஹர்லால் நேரு, காந்தியின் கூற்று தம்மைத் திகைக்க வைத்ததாகத் தம் சுயசரிதையில் எழுதினார். தென்னிந்தியாவின் தீண்டாமைக்குப் பீகார் மக்கள் ஏன் தண்டிக்கப்பட வேண்டும் என்பது அவர் கேள்வி. ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்றாலாவது ஓரளவு பொருந்தும் என்று கிண்டலாகக் குறிப்பிட்டார்.

இந்த வாதத்தால் நிவாரணப் பணி தடைபடவில்லை. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் பீகார் மத்திய நிவாரணக் குழுவை நடத்தினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் நிதி நிர்வாகத்தைக் கவனித்தார். மார்ச் மாதம் காந்தியும் பீகார் வந்து பாதிக்கப்பட்ட ஊர்களைச் சுற்றினார். தீண்டாமைக்கு எதிராகப் பேசியதற்காக அதே மாகாணத்தின் ஜசீடியில் ஏப்ரலில் சனாதனிகள் அவரது காரைத் தாக்கினர். நிலநடுக்கம் அவர்கள் மனத்தை மாற்றவில்லை.

நிலவியல் தரும் விளக்கத்தில் பாவ புண்ணியத்துக்கு இடமில்லை. இந்தியப் புவித்தட்டு வடக்கே நகர்ந்து இமயத்துக்கு அடியில் செருகுகிறது; நெடுங்காலம் சேர்ந்த இறுக்கம் ஒரு நொடியில் அவிழும்போது நிலம் அதிர்கிறது. 1934இல் தரைமட்டம்வரை வந்த பிளவின் தடயத்தை ஆய்வாளர்கள் நேபாளத்தில் கண்டறிந்து 2013இல் வெளியிட்டனர். அதே பகுதியில் 1255ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தின் தடயமும் கிடைத்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களுள் நேபாள மன்னர் அபய மல்லரும் ஒருவர்.