ரிக்ரெஷன்

பின்னோக்கி நடப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்த சொல் ரிக்ரெஷன். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாகச் சராசரி உயரத்தை நோக்கிச் சற்றே இறங்குவதை, 1886-இல் பிரான்சிஸ் கால்டன் தம் கட்டுரையில் இப்படி அழைத்தார். அந்தப் பொருள் தேய்ந்து, நம் பாடநூல்களில் ‘தொடர்புப் போக்கு’ ஆயிற்று. பொருளாதார அளவையியல் பயில்வோருக்கு அதன் பொருள் நிபந்தனைச் சராசரி: இத்தனை ஆண்டு படித்தவரின் சராசரி ஊதியம் என்ன? இது முழுக்க நிகழ்தகவுப் பாடத்தின் சொத்து. அந்தச் சராசரிகளின் ஊடே கோடு போட மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். மென்பொருள் கோட்டின் சாய்வை, அதாவது கெழுவைத் தரும். திறமைசாலிகளே அதிகம் படித்ததால் அது வீங்கியிருக்கிறதா என்று சொல்லாது. அந்தக் கெழுவின் திட்டப்பிழையும் கூறெடுப்பின் தற்செயலிலிருந்து வருவதுதான். பொருளியல் தரவுகளை நிகழ்தகவு வழியே அணுக வேண்டும் என்று 1944-இல் வாதிட்ட நார்வேக்காரர் ஹாவெல்மோவுக்கு 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது.