மானூர்ச் சபை விதிகள்

திருநெல்வேலி – சங்கரன்கோவில் சாலையில் உள்ள மானூரின் அம்பலவாண சுவாமி கோயிலில், வட்டெழுத்தில் பொறித்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச்சபையில் யார் அமரலாம், அமர்ந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்த மிகப் பழைய தமிழகச் சான்றுகளுள் இது ஒன்று. பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 800.

அன்று ஊரின் பெயர் மானநிலைநல்லூர். களக்குடி நாட்டில் பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர், அதாவது பிரமதேயம். பறைசாற்றிக் கூடிய மகாசபையாரே தமக்கான விதிகளை எழுதிக்கொண்டனர். ஒரு நிலப்பங்குக்கு ஓர் உறுப்பினர். அவர் ஒழுக்கமும் வேதக் கல்வியும் உடையவராக இருக்க வேண்டும். பங்கு விலைக்கு வாங்கியதானாலும் சீதனமாக வந்ததானாலும் கால், அரை, முக்கால் உறுப்பினர் என்ற பேச்சுக்கே இடமில்லை. முழு உறுப்பினரல்லாதவர் ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் குழுக்களான வாரியங்களில் பொறுப்பேற்க முடியாது.

கல்வெட்டின் தனிச்சிறப்பு இதற்குப் பின் வரும் விதியில்தான் இருக்கிறது. தகுதியெல்லாம் பெற்றுச் சபைக்குள் வந்தவர், எந்தக் காரியத்தை எடுத்தாலும் ‘அன்று, அன்று’ (அல்ல, அல்ல) என்று முட்டுக்கட்டை போடக்கூடாது. போட்டால், அப்படித் தடுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் 5 காசு தண்டம். கூடச் சேர்ந்து தடுத்தவர்களும் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே விதிக்கு அடங்கி நடக்க வேண்டும். கல்வி உள்ளவர் கூடினாலே விவாதம் செம்மையாக இருக்கும் என்று அந்தச் சபையார் நம்பிவிடவில்லை. காரணமற்ற மறுப்பு கூட்டாளிகளால் வலுப்பெறுகிறது என்பதைக் கண்டு, கூட்டாளிகளையும் தண்டத்துக்குள் கொண்டுவந்தது கூர்மையான அறிவு. ஆனால் எது வீம்பு, எது நியாயமான எதிர்ப்பு என்று பிரிப்பதற்கு அதில் அளவுகோல் இல்லை. பெரும்பான்மையின் கையில் இந்த விதி சிறுபான்மையின் வாயை அடைக்கும் கருவியாகவும் ஆகக்கூடியது. நிலமில்லாத உழைப்பாளிகளுக்கோ அந்தச் சபையில் வாயே இல்லை.

நூறாண்டுக்குப் பின், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர் வேறு வழியில் போனது. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி ஊரின் 30 பகுதிகளான குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். திருவுளச்சீட்டில் ஆதரவு திரட்ட வேலையில்லை. கட்சி கட்டுவது பெருமளவு பயனற்றுப் போகிறது. மானூரில் குடவோலை பேசப்படவில்லை. அங்கே கட்டுப்பாடு பேச்சின் மீது, உத்திரமேரூரில் தேர்வின் மீது.

இன்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராமசபை உறுப்பினர்கள். நிலமும் வேதமும் கேட்பாரில்லை; மானூர் விதிகளைவிட இது எவ்வளவோ உயர்ந்த நிலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. தீர்மானத்தில் உடன்பாடில்லாதவர்கள் கையெழுத்திடாமல் எழுந்து போவதற்குப் பதிலாக, காரணத்தைச் சொல்லி அதைப் பதிவேட்டில் எழுதும்படி கேட்க வேண்டும்.