மதிப்பெண்ணும் மண்ணும்

தேர்வுக் காலம் வந்துவிட்டால் பழவங்காடிப் பிள்ளையாரின் சந்நிதியில் விடலைத் தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டைக்கு அணித்தேயுள்ள அக்கோயிலுக்கு வரும் மாணவருள் மலையாளிகளும் உண்டு. கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தாரும் உண்டு. மருத்துவமோ விஞ்ஞானமோ பயில விழையும் அவர்கள் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: “நமக்கு இடம் கிடைக்குமா?” மதிப்பெண் மட்டுமே இதற்கு விடையாவதில்லை என்பதை இந்நகரின் வரலாறே நமக்கு உரைக்கின்றது.

1834-இல் இலவசப் பள்ளியாகத் தோன்றி, 1866-இல் உயர்வு பெற்றது இந்நகரின் மகாராஜா கல்லூரி. ‘மனோன்மணீயம்’ தந்த சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்ததும் அங்கேதான். திருவிதாங்கூருக்கெனத் தனிப் பல்கலைக் கழகம் 1937-இல்தான் ஏற்பட்டது. அதுவரை அக்கல்லூரி மாணவரின் விடைத்தாளை நிறுக்கும் படிக்கல் சென்னைப் பல்கலைக் கழகத்திடம் இருந்தது. ஆனால், உயர் கல்விக்கும் உத்தியோகத்துக்கும் சமஸ்தானத்தின் வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் அரசின் கையில் இருந்தன.

அவ்வாயில் அடைபட்ட கதைகளுள் தலையாயது டாக்டர் பல்ப்புவின் கதை. 1863-இல் இந்நகரின் பேட்டையில் ஈழவர் குலத்தில் பிறந்தவர் அவர். 1880-களில் திருவிதாங்கூர் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் முன்வரிசையில் தேறினார். எனினும் குலம் காரணமாக இடம் மறுக்கப்பட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. பட்டத்தோடு மீண்டவருக்குத் தாயகம் வேலையும் தரவில்லை. மைசூர் அரசின் பணியில் அமர்ந்தார். பெங்களூரில் பிளேக் நோய் பரவிய நாளில் உயிரையும் பொருட்படுத்தாது தொண்டாற்றினார். பிறந்த மண் தள்ளியது; அயல் மண் தாங்கியது.

இக்கதையில் தமிழராகிய நாம் சிந்திக்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. 1891-இல் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட ‘மலையாளி விண்ணப்பம்’ மன்னரிடம் அளிக்கப்பட்டது. உயர் பதவிகள் வெளியிலிருந்து வந்தோர்க்கே செல்கின்றன என்பது அதன் முறையீடு. அவ்வெளியாருள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். அதில் பல்ப்புவும் கையொப்பமிட்டார். தம் குலத்தாருக்குப் பயன் விளையாமை கண்டு, 1896-இல் 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவர் விண்ணப்பத்தை அவர் முன்னின்று அளித்தார். வெளியூரில் வாழும் நாம், உள்ளூராரின் ஏக்கத்தையும் உணர்தல் வேண்டும். நம் பிள்ளைகளின் உரிமையையும் அறிதல் வேண்டும்.

குடியரசு அமைந்த பின் இவ்வழக்கு நீதிமன்றங்களுக்குச் சென்றது. மருத்துவ இடங்களை மாவட்ட வாரியாகப் பங்கிட்ட சென்னை இராஜ்யத்தின் விதியை, 1968-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஒரு மாவட்டத்தில் தேறும் மதிப்பெண், மறு மாவட்டத்தில் தோற்பது சமநீதியன்று என்பதே கருத்து. 1984-இல், எல்லா இடங்களையும் அந்தந்த மாநிலத்தார்க்கே ஒதுக்குதல் தகாதென அதே நீதிமன்றம் கூறியது. 1986-இல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் நூற்றுக்கு 15 அனைத்திந்திய மாணவர்க்கென வகுக்கப்பட்டது.

குடிபெயர்ந்தோர் மறவாமல் நினைவிற் கொள்ளத்தக்கது 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆந்திரத்தில் பழங்குடியாகக் கருதப்பட்ட ஒரு குடும்பம், தந்தையின் வேலை நிமித்தம் மும்பைக்குச் சென்றது. மகன் அங்கேயே படித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். அவன் சமூகம் மகாராஷ்டிரத்தின் பட்டியலில் இல்லை. ஆகவே அவ்வொதுக்கீடு கிட்டாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தோடு அதன் சலுகையும் எல்லை கடப்பதில்லை.

தாயகத்திலும் எல்லாக் கதவும் தாமே திறந்துகொள்வதில்லை. அரசுப் பள்ளி மாணவர்க்கெனத் தமிழ்நாடு 2020-இல் வகுத்த மருத்துவ ஒதுக்கீடு நூற்றுக்கு 7.5. அதனைப் பெற 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பயின்றிருத்தல் வேண்டும். வெளிமாநிலத்தில் பயிலும் நம் பிள்ளைக்கு அது எட்டாது.

எனினும் மண்ணை வினவாத வாயில்களும் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த விதுரையில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் 2008-இல் நிறுவப்பட்டது. அங்கு மாநில ஒதுக்கீடு இல்லை. மத்திய அரசின் ஒதுக்கீடுகள் மட்டுமே உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் பதினைந்து பதினைந்தாக 60 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண்; பிழைக்கு 1 கழிவு. கணிதத்தையோ உயிரியலையோ பள்ளியிலேயே கைவிட்டவன், மற்ற மூன்றிலும் வல்லவனாயினும், கால்பங்கை இழந்த நிலையில்தான் போட்டியில் இறங்குகின்றான்.

ஆகவே பிள்ளையின் வாய்ப்பை எடைபோடப் புகும் பெற்றோர் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் நலம். பிள்ளையின் உண்மையான திறன் யாது? எந்த வரிசையில் அவன் நிற்கிறான்: குடியிருக்கும் மாநிலத்தின் வரிசையிலா, தாயகத்தின் வரிசையிலா, அனைத்திந்திய வரிசையிலா? அவ்வரிசைக்குரிய சான்றிதழ் கையில் உண்டா? இவற்றைத் தேர்வு முடிந்தபின் ஆராய்தல் வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும்; ஒன்பதாம் வகுப்பிலேயே ஆராய்தல் அறிவுடைமை.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம். அதனோடு, பல்ப்புவுக்கு நேர்ந்தது எவர் பிள்ளைக்கும் நேராதிருக்க வேண்டுமென்ற எண்ணத்தையும் அச்சந்நிதியில் வைப்போம்.