கிண்ணமும் குத்தகையும்

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ழான் தார்க் கதை மனப்பாடம். அவர் பெயரில் 1430 மார்ச்சில் ஹுஸ்ஸைட்டுகளுக்குப் போன மிரட்டல் கடிதம் பாடத்தில் வந்ததில்லை. திருந்தாவிட்டால் படையோடு வருவேன் என்கிறது அது. வர முடியவில்லை, அடுத்த வருஷம் அவரையே எரித்துவிட்டார்கள். யார் இந்த ஹுஸ்ஸைட்டுகள் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாடு. பிராக் நகரத்துப் பெத்லகேம் ஆலயத்தில் யான் ஹுஸ் என்ற குருவானவர் 1402 முதல் சனங்கள் பேசும் செக் மொழியில் பிரசங்கம் செய்தார். பாவமன்னிப்பை விலைக்கு விற்பதைக் கண்டித்தார். அரசர் சிகிஸ்முண்ட் கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பி கான்ஸ்டன்ஸ் நகரத் திருச்சங்கத்துக்குப் போனார். 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்து, சாம்பலை ரைன் ஆற்றில் கொட்டினார்கள். முத்திரை போட்ட காகிதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு!

அந்நாளில் பூசையில் சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். திராட்சை இரசம் குருவுக்கு. ஹுஸ்ஸின் வழி வந்தவர்கள் கிண்ணத்தை எல்லோருக்கும் நீட்டினார்கள், குழந்தைகளுக்குக்கூட. பந்தியில் ஆளுக்கொரு மாதிரி பரிமாறினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் கிண்ணம் அவர்கள் கொடியிலேயே ஏறியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தாபோர் என்ற ஊர். 1420-ல் குடியானவர்கள் வீடுவாசலை விற்றுவிட்டு அங்கே குடியேறினார்கள். கொண்டுவந்த பணத்தைப் பொதுத் தொட்டியில் போட்டார்கள். ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்றுதான் கூப்பிட்டார்கள். பிரபு இல்லை, குத்தகை இல்லை என்பது பேச்சு. ஆனால் அதே வருஷம் இலையுதிர் காலத்திலேயே, சுற்றுக் கிராமத்துக் குடியானவர்களிடம் தாபோர்க்காரர்களே குத்தகை வசூலித்தார்கள். ஆயுள் முழுக்க அரசாங்கக் கணக்கு எழுதிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை. போப்பாண்டவரின் சிலுவைப்படைகள் அடுத்தடுத்து வந்தன. போர்வீரனுக்குச் சோறு போட வேண்டும். வரவு இல்லாத தொட்டி எத்தனை நாள் தாங்கும்?

போரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஒற்றைக்கண் தளபதி யான் ஜிஷ்கா மாட்டுவண்டி, குதிரைவண்டிகளைச் சங்கிலியால் பிணைத்தே கோட்டை கட்டினார். அவர்களுடைய ‘ஹௌஃப்னிட்சே’ பீரங்கிதான் ஜெர்மன் வழியாகப் பிரெஞ்சில் ‘ஒபுசியே’ ஆனது.

கடைசியில் 1434 மே 30 அன்று லிபானியில் அவர்களைத் தோற்கடித்தது கத்தோலிக்கரோடு சேர்ந்துகொண்ட மிதவாத ஹுஸ்ஸைட்டுகளே. 1436 உடன்படிக்கையில் கிண்ணம் சனங்களுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். மடங்களின் நிலம் பெரும்பாலும் பிரபுக்கள் கைக்குப் போயிற்று. குடியானவர்கள் குத்தகையை அவர்களிடம் கட்டினார்கள்.