பொத்தானும் காஜாவும்: ஹனூர்ப் பகுதி வழக்கை முன்வைத்து

கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்திலுள்ள ஹனூர், 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டு, 1997இல் அதனின்று பிரிந்த புதிய மாவட்டத்துள் வந்தது. மார்ட்டள்ளி முதலிய அண்டை ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. எனவே சட்டை ஒன்றே எனினும் அதன் உறுப்புகளுக்கு இருமொழிப் பெயர்களும் இங்கு அருகருகே வழங்குகின்றன. தமிழர் 'பொத்தான்' என்பதனைக் கன்னடர் 'குண்டி' என்பர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் தரும் பொருள் வேறாதலின், அது தமிழில் புகாமை வியப்பன்று.

பொத்தான் என்பது 'பொத்துதல்' (மூடுதல்) என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல் போலத் தோன்றும். ஆயின் சிங்களத்தில் 'பொத்தம', மலாய் மொழியில் 'புத்தாங்', சப்பானிய மொழியில் 'பொத்தன்' என இச்சொல் வழங்கக் காண்கிறோம். சப்பானியர்க்குப் பொத்துதல் என்னும் வினை இல்லை. இக்கரைகள் அனைத்தையும் இணைப்பது போர்த்துகீசியரின் கடல்வழியே. ஆகவே சன்னல், சாவி, அலமாரி ஆகியவற்றோடு இதனையும் போர்த்துகீசியக் கடன்சொல்லாகக் கொள்வதே பொருந்தும்.

சொல் வந்ததனால் பொருளும் அப்போதுதான் வந்தது எனல் பொருந்தாது. மொகஞ்சதாரோவில் துளையிட்ட சிப்பிப் பொத்தான்கள் கிடைத்துள்ளன. அவை பெரிதும் அணியாகவே பயன்பட்டன என்பர். சிலப்பதிகாரம் துன்னகாரரைச் சுட்டுதலின் தையற்றொழிலும் தமிழகத்திற்குப் புதிதன்று. 'குண்டி' எனும் வடிவம் மராத்தியிலும், 'குண்டீ' என இந்தியிலும் உண்டு. துணிக்கீற்றை முறுக்கி உருண்டை முடிச்சாக்கி, எதிர்ப்புறத்து நூல்வளையத்தில் மாட்டும் முறையை அது குறிக்கும்.

அவ்வாறாயின் புதிதாக வந்தது யாது? துணியைக் கீறி, நூல் பிரியாதபடி விளிம்பை நெருக்கமாகத் தைத்தமைத்த துளையே அது. ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பரவிய இம்முறைக்குப் போர்த்துகீசியர் இட்ட பெயர் 'காசா'. வீடு என்பது அதன் பொருள். இந்தியின் 'காஜ்' இதன் திரிபே. கன்னடத் தையற்காரரும் தமிழ்த் தையற்காரரும் ஒருங்கே வழங்கும் 'காஜா'வும் அவ்வழி வந்ததே. பொத்தானுக்கு இருபெயர் வழங்கும் ஊரில் துளைக்கு ஒருபெயரே வழங்குவதன் காரணம் இதுவாகலாம்: முடிச்சுக்குப் பழம்பெயர் இருந்தது, துளைக்கு இல்லை.

கீறிய துளைக்கு உருண்டையினும் தட்டையே ஏற்றது. பீகாரின் மெஹ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய தொழிலில், ஆற்றுச் சிப்பிகளை வட்டவட்டமாக அறுத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றினர். பின்னர் வந்த பாலியெஸ்டர் பொத்தான்கள் அதன் சந்தையைப் பெரிதும் கவர்ந்தன.

ஒரு முரண் எஞ்சுகிறது. போர்த்துகீசியர் 1619 முதல் 1658 வரை நேரே ஆண்ட யாழ்ப்பாணத்தில் தமிழர் சட்டைப் பொத்தானை இன்றும் 'தெறி' என்றே வழங்குகின்றனர். அவர்தம் ஆட்சி எட்டாத ஹனூரிலோ 'பொத்தான்' நிலைத்துவிட்டது.