முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

1882ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விலங்கியல் அறிஞர் மெச்னிகாப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்து, மறுநாள் விடியற்காலையில் நுண்பெருக்கியின் கீழ் அதனை நோக்கியபோது, இடம்பெயரும் உயிரணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கித் தேகத்தை ரக்ஷிக்கும் அணுக்கள் உண்டு என்னும் சித்தாந்தம் இதனால் வலுப்பெற்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஜெர்மனியில் பால் ஏர்லிக், கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்திய இரத்தத்திற்குச் சாயமேற்றி, இயோசின் என்னும் சாயத்தை ஏற்றுச் செந்நிறத் துகள்களோடு விளங்கும் ஒருவகை வெள்ளணுவை 1879இல் வேறு பிரித்துக் காட்டியிருந்தார். இவ்விருவருக்கும் 1908இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது உசிதமே. ஒருவர் அணுக்களின் காரியத்தையும், மற்றவர் அவற்றின் பேதங்களையும் விளக்கியவர்கள்.

1973இல் ஸ்டைன்மன், கோன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலியின் மண்ணீரலில், கிளைகள் போன்ற நீட்சிகளையுடைய மற்றோர் அணுவினத்தைக் கண்டறிந்து வர்ணித்தனர். மூளையில் வாசம் செய்யும் மைக்ரோகிளியா அணுக்களோ, எலும்பு மஜ்ஜையில் பிறவாமல், கருப்பருவத்திலேயே மஞ்சட்கருப் பையினின்று புறப்பட்டு அங்கே குடியேறியவை என்பது பிற்கால ஆராய்ச்சியில் புலனாயிற்று.

ஆயினும், விழுங்கிய அணுவினுள்ளேயே காசநோய்க் கிருமி உயிர் தரிக்கிறது. புற்றுநோய்க் கட்டியினுள் புகுந்த காவலணுக்களே சில வேளைகளில் அதன் வளர்ச்சிக்குத் துணை போகின்றன. ஆதலால், இவ்வணுக்களின் பேதமறிந்து சிகிச்சை செய்வதே வைத்திய சாஸ்திரத்தின் கடமையாகும்.