காலில் கட்டிய ரிப்பன்

பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனே வந்த அம்மா மூன்று மாதம் இருந்துவிட்டுக் கும்பகோணம் திரும்பிவிட்டாள். ரயில் கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான். "என்னை மறந்துடுவான்டா."

"ஆறு மாசக் குழந்தைக்கு என்னம்மா ஞாபகம் இருக்கப்போறது?" என்றேன். ஆறுதலாம்! (தங்கமணி முறைத்தது தனிக்கதை.)

நான் உளறியதைத்தான் 1960களில் உளவியல் படித்த பெரியவர்கள் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சே வராத குழந்தைக்கு நினைவு ஏது? இருந்தாலும் அதனிடம் யார் கேட்பது? கேட்க ஒரு வழி கண்டுபிடித்தவர் கரோலின் ரோவி-கோலியர். பின்னாளில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், 2014-ல் மறைந்தார்.

அவருக்கும் அப்போது ஒரு கைக்குழந்தை. வயிற்றுவலியில் ஓயாமல் அழும் பிள்ளை. தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையை ஆட்டினால் அழுகை நிற்கும். நாள் முழுக்க யார் ஆட்டுவது? ஒரு ரிப்பனை எடுத்துப் பொம்மையையும் பிள்ளையின் கணுக்காலையும் இணைத்துக் கட்டிவிட்டார். உதைத்தால் பொம்மை ஆடும். கொஞ்ச நேரத்தில் பயல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான்!

நம் வீடாக இருந்தால் 'சமத்து' என்று திருஷ்டி சுற்றிப் போட்டு முடித்திருப்போம். அவர் ஆராய்ச்சியாக்கி 1969-ல் கட்டுரையாக வெளியிட்டார். அப்புறம் பல வருடங்கள் இதே வேலைதான். குழந்தைகளின் வீட்டுக்கே போய், அவரவர் தொட்டிலிலேயே சோதனை. முதலில் ரிப்பனைப் பொம்மையோடு சேர்க்காமல் கட்டி, சும்மா எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணுவார்கள். பிறகு சேர்த்துக் கட்டிப் பழக்குவார்கள். சில நாள் கழித்துப் போய் மறுபடி சேர்க்காமல் கட்டுவார்கள். பொம்மையைப் பார்த்ததும் முன்னைவிட அதிகமாக உதைத்தால் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். வாயால் கேட்க வேண்டியதைக் காலால் கேட்டிருக்கிறார்!

இரண்டு மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள், மூன்று மாதத்துக்கு ஒரு வாரம், ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம் நினைவு தங்கியது. பெரிய குழந்தைகளுக்கு உதைப்பதில் சுவாரசியம் இல்லை. அழுத்தினால் ஓடும் பொம்மை ரயில் கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் 13 வாரம்.

இதில் இன்னொரு விஷயம். தொட்டிலைச் சுற்றிக் கட்டிய துணியின் டிசைனை மாற்றினால், ஆறு மாதக் குழந்தை அடுத்த நாளே தெரியாத மாதிரி படுத்திருந்ததாம்.

அம்மா போய் இன்றோடு 16 நாள். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நல்லவேளை, மேலே படித்தேன். 1980-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை அது. பாடத்தை மறந்திருக்க வேண்டிய மூன்று மாதக் குழந்தைகளைப் பதின்மூன்றாம் நாள் உட்காரவைத்து, மூன்றே நிமிடம், ஆராய்ச்சியாளரே ரிப்பனை இழுத்துப் பொம்மையை ஆட்டிக் காட்டினார். குழந்தை வேடிக்கை மட்டும்தான் பார்த்தது. மறுநாள் சோதித்தால் பழையபடி உதை! போன நினைவு எங்கும் போகவில்லை, தட்டி எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. 1999-ல் இன்னொன்று: மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஞாபகப்படுத்தியதில், இரண்டு மாதத்தில் கற்றதைச் சில குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் மேல் மறக்கவில்லை.

பொம்மையும் பாட்டியும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றில்லைதான். ஆனாலும் நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ தினமும் ஏழு மணிக்கு வீடியோ போடு" என்றாள்.

அம்மா ஆட்டிக் காட்டும் சிவப்புக் கிலுகிலுப்பை இங்கேதான் கிடக்கிறது. அதே மாதிரி ஒன்று கும்பகோணத்தில் கிடைக்குமா என்று தேடச் சொல்லியிருக்கிறேன்.